டாங்கி ஆட்டத்தைக் குறை சொன்னவர்

கன்னியப்பன் அண்ணன் ஆடாத வீடியோ கேம் கிடையாது. அவர் குறை சொல்லாத வீடியோ கேமும் கிடையாது.

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஜேம்ஸ் தன் வீட்டு முன்னறையில் இரண்டு டிவிகளை வைத்து வீடியோ கேம் கடை நடத்தினான். ஜன்னலில் பழைய போர்வை தொங்கும். உள்ளே பகலிலும் மீன்தொட்டி வெளிச்சம்தான். ஒரு டிவி பள்ளிப் பிள்ளைகளுக்கு. மற்றொன்று, முதல் ஷிஃப்ட் விட்டதும், டாங்கி ஃபாக்டரியிலிருந்து காக்கி உடுப்போடு நேராக சைக்கிளில் வந்து இறங்கும் கன்னியப்பன் அண்ணனுக்கு. நாற்பது வயது ஆள், பிள்ளைகளுக்கு நடுவில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மூலை ஸ்டூலில் புத்தகத்தோடு இருப்பேன். என் அப்பாவும் அதே ஃபாக்டரி. குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த பிளாக்தான் அவர். என்னிடம் பேசினால் நான் குறுக்கே பேசமாட்டேன் என்பதால் அவர் அபிப்பிராயங்கள் எல்லாம் எனக்கே வந்து சேரும்.

"இந்த செங்கல் வுழுற ஆட்டம் கீதே தம்பி, இத்த மனுசன் ஆடவே கூடாது. எதிரின்னு ஒருத்தனும் இல்ல. நாம செஞ்ச தப்புதான் அடுக்கடுக்கா மேல ஏறிக்கினே வருது. கண்ண மூடினாலும் வுழுது."

"கார் ரேஸ்?"

"அது நல்ல ஆட்டம். பின்னாடி இன்னா வருதுன்னே காட்ட மாட்டான். தெரியாத வரிக்கும் நிம்மதி."

வாத்து சுடும் ஆட்டத்தில் குறி தப்பினால் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரங்கு எட்டிப் பார்த்துக் கைதட்டும். "எங்க சூப்பர்வைசர் மாறியே கீது, பாரு அந்த மூஞ்ச" என்பார். பள்ளம் தாண்டிக் குதிக்கும் ஆட்டத்தில் அவருக்கு வேறு வருத்தம். "மூணு உசுரு குட்த்து அனுப்பறான். மூணு இருந்தா தைரியம் வருமா? இன்னா வரும்? மூணு வாட்டி பயம் வரும்."

பயம் என்றால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம். சாலையைக் கடக்க நாலு பேர் சேரும்வரை நிற்பார். தீக்குச்சியை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிழிப்பார். அயனம்பாக்கத்தில் அவர் அப்பா கூலிக்கு அடுத்தவர் வயலில் சேறடித்துச் சேடை ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக சர்க்கார் சம்பளம், கான்கிரீட் கூரை, தண்ணீர் வரும் குழாய் எல்லாம் இவரால் வந்தவை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். இதை அவர் மனைவி வசந்தகுமாரி எப்போதாவது சொல்வார். அண்ணன் தினமும் நினைப்பார்.

குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபாக்டரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்பா என்ன வேலை என்று கேட்டால் பிள்ளைகள் "ஃபாக்டரி" என்று மட்டும் சொல்லும். சில செவ்வாய்க்கிழமைகளில் டாங்கிகளைச் சோதித்து ஓட்டும்போது வீட்டுத் தரை லேசாக நடுங்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிப் பேசும். அம்மாக்கள் ஒரு கையால் டம்ளர்களைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோசையைத் திருப்புவார்கள். வெளியூர் உறவினர் திடுக்கிட்டுக் கேட்டால், "லாரி போவுது" என்பார்கள். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு மழை மாலை. அன்று ஜேம்ஸ் புதிய கேசட் ஒன்றைப் போட்டிருந்தான். மேலிருந்து பார்க்கும் டாங்கி ஆட்டம். சின்னச் சின்ன டாங்கிகள் செங்கல் சந்துகளுக்குள் ஓடிச் சுடும். மழைக்கு ஒதுங்கிய ஒருவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, தோல் பை. எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது.

"நல்லா ஆடறீங்களே" என்றார் அவர்.

பாராட்டு கேட்டுப் பழகாதவர் கன்னியப்பன் அண்ணன். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னாத்த நல்லா சார்? இதெல்லாம் டாங்கியா? எலி மாறி ஓடுது. நெஜ டாங்கின்னா ஒடம்பு ஒரு பக்கம் போவும், மூக்கு ஒரு பக்கம் திரும்பும். செவுர சுட்டுக்கினு நிக்காது, ஏறிப் போய்க்கினே இருக்கும்."

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாக்கறதா! அதுக்கு சங்கிலி பூட்டறதே நான்தானே சார். செவ்வாக்கிழம காத்தால எங்க ஊட்டாண்ட வந்து நில்லுங்க. ஓட்டச் சொல்லோ தர அதிரும், கால்லியே தெரியும்."

"அப்படியா? எந்தப் பக்கம்?"

கன்னியப்பன் அண்ணன் கையை நீட்டித் திசையைக் காட்டினார். அந்த ஆள் தலையாட்டிவிட்டு, மழை விட்டதும் போய்விட்டார்.

திரையில் டாங்கி வெடித்தது. கன்னியப்பன் அண்ணனின் கை இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.

"ஜேம்ஸு, யாருடா அது?"

"தெரியல அண்ணாத்தே. மழைக்கு நின்னாரு."

"பையில இன்னா வச்சிருந்தான்?"

"நான் இன்னா கஸ்டம்ஸா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்து இரண்டு வருடம் ஆகியும் எங்கள் பக்கத்தில் புது முகம் என்றால் இரண்டு முறை பார்க்கிற காலம். வாடகைக்கு வந்தவர்களைப் போலீஸ் வந்து விசாரித்துப் போகும். அந்த மாலையிலிருந்து அவர் கடைக்கு வருவதை நிறுத்தினார். வீட்டில் ஜன்னல்களைச் சாத்தினார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார் என்று வசந்தகுமாரி அக்கா என் அம்மாவிடம் சொன்னார். "உடம்புக்கு முடியலையான்னு கேட்டா, நம்மள இங்கிருந்து காலி பண்ணிடுவாங்களான்னு கேக்குறாரு." பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிட்டாராம்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போகச் சொன்னார்.

அங்கே நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே இவர் கைகளைக் கூப்பிவிட்டார். "சார், தெரியாம பேசிட்டேன் சார். மழ சார். டாங்கி ஆட்டம் சார்." செவ்வாய்க்கிழமை, தரை அதிர்ச்சி, நீட்டிய கை, தோல் பை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அவர் கூப்பிட்டனுப்பியது வேறொன்றுக்கு: இவருடைய கேட் பாஸில் போட்டோ மங்கிவிட்டது, புதிது எடுத்துத் தர வேண்டும்.

"நீயே சொல்லிட்டே" என்றாராம் அதிகாரி. "இனிமே நான் கேக்காதவனா இருக்க முடியாதுல்ல?"

முடிவு இப்படி ஆனது. கன்னியப்பன் அண்ணன் தினமும் பழையபடி ஜேம்ஸ் கடையில் உட்கார வேண்டும். எதிரே சைக்கிள் கடையில் சாதா உடுப்பில் கோவிந்தன் என்கிற செக்யூரிட்டிக்காரர் இருப்பார். அந்த வெள்ளைச் சட்டை வந்தால் இவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆளைக் காட்டாவிட்டால், இவர்தான் எதையோ மறைக்கிறார் என்று மேலே எழுதிப் போடுவார்கள்.

"காட்டிட்டா இன்னா பண்ணுவாங்க சார்னு கேட்டேன் தம்பி. அது உனுக்கு எதுக்குன்னுட்டாரு."

அதன் பிறகு அவர் ஆடிய ஆட்டங்களைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் சொல்லவில்லை. எந்தக் கேசட் ஓடுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. கண் வாசலிலேயே இருக்கும். கார் தானாகப் போய் மோதி நிற்கும். "அண்ணாத்தே, செத்துட்டே" என்று பிள்ளைகள் கத்தினால் மட்டும் பொத்தானை அழுத்துவார். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் அவர் கை மடியிலிருக்கும் கைக்குட்டைக்குப் போய்த் திரும்பும். நான் பக்கம் புரட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். எதிரே கோவிந்தன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார்.

ஒரு வெயில் மாலையில் அந்த ஆள் வந்தார்.

அதே வெள்ளைச் சட்டை, அதே தோல் பை. கூடவே பள்ளிச் சீருடையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தார். "இவர்தாம்மா. அன்னிக்குச் சொன்னேனே! உண்மையான டாங்கிக்கு சங்கிலி மாட்டறவரு. சார், வணக்கம். ஞாபகம் இருக்கா? மாங்காட்டுல இருந்து வர்றோம், எல்ஐசி ஏஜென்ட் நான். இவ நம்பவே மாட்டேங்கறா. நீங்களே சொல்லுங்க, செவ்வாய்க்கிழமை தரை அதிருமா அதிராதா?"

எதிர்க் கடையில் கடலை உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது போல எனக்குத் தோன்றியது. கோவிந்தன் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டைக்காரர்கள் ஆவடியில் ஆயிரம் பேர். அடையாளம் கன்னியப்பன் அண்ணனின் கையில்தான் இருந்தது.

அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. புருவத்தில் நின்று, வழிந்து, கண்ணுக்குள் போனது. மடியில் கைக்குட்டை மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. இரண்டு கைகளாலும் அவர் ஆட்டத்தின் பொத்தான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாரு சார் நீங்க?" என்றார். திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் பெயின்ட் கட வச்சிக்கிறேன்."

"இல்ல, அன்னிக்கு மழையில..."

"ஆள் மாறி வந்துட்டீங்க. கொயந்தைய இட்டுக்கினு வூட்டுக்குப் போங்க சார். போங்க."

அவருடைய குரலில் இருந்த எதுவோ அந்த மனிதரைப் பின்வாங்கச் செய்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலேயே இறங்கிப் போனார். அந்தப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். கன்னியப்பன் அண்ணனின் முகம் மழையில் நனைந்தது போலிருந்தது. மேலுதட்டில் சொட்டு நின்றது. துடைக்கவில்லை.

அவர்கள் மார்க்கெட் திருப்பத்தில் மறைந்த பிறகு கோவிந்தன் கையிலிருந்த கடலைத் தோலைத் தட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"யாருய்யா அது?"

"வழி கேட்டாங்க சார்."

"அப்ப இன்னிக்கும் வரல."

"வரல சார்."

கோவிந்தன் சற்று நேரம் அந்த ஈர முகத்தையே பார்த்தார். பிறகு, நாளையிலிருந்து தான் வரப்போவதில்லை என்றும், கன்னியப்பன் காலையில் நேராக ஆபீஸுக்கு வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கன்னியப்பன் அண்ணன் "சரி சார்" என்றார். சுவரைப் பிடித்து எழுந்தார். நான் போய்த் தோளைக் கொடுத்தேன். அப்போதுதான் அவர் கைக்குட்டையைப் பிரித்து முகத்தைத் துடைத்தார்.