டாக்டரம்மாவின் தொலைபேசி நேரம்

அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் ஐந்து சரிக்குறிகள் இருந்தன. ஐந்தும் பச்சை மையில். பெரிய கணக்கு நோட்டு ஒன்றில் நானே அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி எடுத்தாரா, சாப்பிட்டாரா, வயிறு போகிறதா, தூங்கினாரா. நல்ல பதிலுக்குப் பச்சை, கெட்ட பதிலுக்குச் சிவப்பு. அந்தப் பக்கத்தின் மேல் இருந்த பெயர் என் அக்காவுடையது. 

எண்பதுகளின் கடைசி. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையில் இருந்த ஒரு கிளினிக்கில் முகப்பு வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான், ஆனாலும் வீட்டுப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. நோயாளி கதவைத் திறந்து நாற்காலிக்கு வருவதற்குள்ளேயே பாதியைக் கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். அந்த மீதிப் பாதிக்குத்தான் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். வெளியே பெஞ்சில் ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்கோ எதிலும் பொறுமை கிடையாது. கிள்ளானிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்கள், மாத்திரை மாற்றலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக அரைநாளைத் தொலைப்பதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் டெலிபோன் சும்மா கிடக்கிறதே!

இரண்டிலிருந்து மூன்று வரை டாக்டரம்மா சாப்பிடும் நேரம். அந்த ஒரு மணி நேரம் நான் போனில் கேட்டு எழுதிக்கொள்கிறேன், மூன்று மணிக்கு அவர் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். இதுதான் என் யோசனை. ஒரு வாரம் நச்சரித்த பிறகு ஒப்புக்கொண்டார். "சரி பிள்ளை, ஆனா நீ எழுதிறது மட்டும்தான். பதில் சொல்லிறது நான்," என்றார். சுவரில் அறிவிப்பு ஒட்டினேன். வாராவாரம் முதுகுவலிக்கு வரும் லோரி டிரைவர் அங்கிள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தங்கச்சி, இனிமே ஊசியும் போன்லயே போட்டுருவீங்களா லா? அப்ப சட்டையைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்க, பெஞ்சே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் பத்தே நாளில் போன் ஓயாமல் அடித்தது. பிரமாதமாகத்தான் நடந்தது.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் கண்டது. கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனவள், உடம்புக்கு வந்தால் மட்டும் பழைய டாக்டரைத் தேடி பிரிக்பீல்ட்ஸுக்குத்தான் வருவாள். திங்கட்கிழமை அத்தானுடன் வந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, டெங்கிக் காய்ச்சலாக இருக்கலாம், இப்போதைக்குத் தெரியாது என்றார். "வியாழக்கிழமை என்ன நடந்தாலும் நேரே வரவேணும், ரத்தம் எடுக்கவேணும்," என்று அத்தானிடம் இரண்டு முறை சொன்னார்.

வியாழக்கிழமை இரண்டே காலுக்கு அத்தானின் போன் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் டெலிபோன் அடித்தால் சாவு அல்லது விபத்து என்றுதான் முதலில் நெஞ்சு அடைக்கும். அதனாலேயே கூப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம். எது எப்படி இருந்தாலும் முதல் மூச்சில், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு மற்றதெல்லாம் அதற்கேற்றபடி சின்னதாகிவிடும். போனில் பேச்சை எழுதிக்கொண்டிருந்த நான் இதை யோசித்ததே இல்லை.

"பாப்பா, ஒன்னுமில்லம்மா, பயப்படாத. காய்ச்சல் விட்டுருச்சி. காலையில இருந்து உடம்புல சூடே இல்ல."

பச்சை.

"வாந்தி, அத்தான்?"

"ரெண்டு வாட்டி. வெறும் வயித்துல டீயைக் குடிச்சா, அதான்."

காரணம் தெரிந்துவிட்டதே, அதற்கும் பச்சை. இரண்டு வாய் கஞ்சி குடித்தாளாம், பச்சை. வயிறு போகவில்லை, பச்சை.

"தூங்குறாளா?"

"அசந்து தூங்குறா லா! எழுப்பினாக்கூட எந்திரிக்க மாட்டேங்குறா. நாலு நாள் அலுப்பு, பாவம். இங்க மழை வேற கொட்டுது. இந்த ஜாம்ல மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு வரணுமா பாப்பா?"

"வேணாம் அத்தான். தூங்கட்டும். சனிக்கிழமை பாத்துக்கலாம்."

நான்தான் சொன்னேன். பதில் சொல்வது என் வேலையே இல்லை. சொன்னதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒரு பயணத்தை மிச்சப்படுத்திவிட்டேன் அல்லவா.

மூன்று மணிக்கு டாக்டரம்மா கை துடைத்துக்கொண்டு வந்து நோட்டைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

"காய்ச்சல் எப்ப விட்டது?"

"காலையிலயே, டாக்டர். நல்லா தூங்குறாளாம். அதனால வரவேணாம்னு..."

"வரவேண்டாம் எண்டு ஆர் சொன்னது?"

 அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் முகத்தில் நான் பார்த்தது பயம். ஒரு டாக்டரின் முகத்தில் பயத்தைப் பார்ப்பது போலக் கொடுமை வேறில்லை. நின்றபடியே எண்ணைச் சுழற்றினார். போனின் எண்வட்டு ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அத்தான் எடுத்ததும், "தம்பி, போனை அப்பிடியே வைச்சிட்டுப் போய் அவவின்ர பாதத்தைத் தொட்டுப் பாத்திட்டு வந்து சொல்லும்," என்றார். ரிசீவரில் காதை ஒட்டி நானும் நின்றேன். அத்தான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். குரலில் சந்தோஷம்.

"குளுகுளுன்னு நல்லா இருக்கு டாக்டர்! காய்ச்சல் சுத்தமா இல்ல!"

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதும், கால் சில்லிட்டால் உடம்புக்குள் ரத்த ஓட்டம் தளர்கிறது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், அவர் குரல் திடீரென்று மெதுவாகிவிட்டது. மோட்டாரில் ஏற்றாதே, பக்கத்து வீட்டு வேனைப் பிடி, இந்த நிமிடமே கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தார். அடுத்து ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுப் பெயர் சொல்லி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போ," என்றார்.

கிள்ளான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படி எழுதுவேன்? மழையில் நெடுஞ்சாலை முழுக்க வண்டிகள் நின்றிருந்தன. அன்று மூன்று மணி வரை உலகத்தையே கம்பியில் இழுத்துப் பேசிவிடலாம் என்று நம்பியவள், இப்போது ஒரு சேதியும் இல்லாமல் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் இருந்தேன். அக்கா இருக்கிறாளா என்று கேட்க யாரும் இல்லை. 'எழுப்பினாக்கூட எந்திரிக்க மாட்டேங்குறா.' அதை என் காதால் கேட்டு, என் கையால் பச்சை போட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏன்மா நடுங்குற, காய்ச்சலா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முன்பின் தெரியாதவள், முதலில் கையைத்தான் நீட்டினாள்.

வார்டில் அக்காவின் இரண்டு கைகளிலும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு சாம்பல் நிறம். கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வார்டு நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸி, அத்தானை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம், காலையிலேயே ஏன் கொண்டுவரவில்லை, யாரும் சொல்லவில்லையா? அத்தான் வாயெடுத்தார். அப்போது வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

"மழை மிஸி," என்றார். "மழையா இருந்துச்சி."

 வரவேண்டாம் என்று நான் சொன்னதை அவர் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளி முழுக்க அந்தக் கட்டிலருகே அக்காவின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தேன். சனிக்கிழமை மதியம் அது மெல்லச் சூடேறியது. "கூசுது, விடுடி," என்றாள். அப்போதுதான் அழுதேன்.

இதோ, தொண்ணூறுகள் முடியப் போகின்றன. நான் கோலாலம்பூரில் ஒரு கணினி நிறுவனத்தில் இருக்கிறேன். டாக்டர் ஓரிடம், நோயாளி ஓரிடம், நடுவில் திரை என்று எங்கள் அலுவலகத்தில் தினமும் பேச்சு. பேசும்போது எனக்கும் பழையபடி ரத்தம் துள்ளத்தான் செய்கிறது. எண்ணெய் தரும் செம்பனைக் காட்டுக்குள் இருப்பவள் பஸ் மாறி வரவேண்டாமே! அன்று அக்காவைக் காப்பாற்றியதும் ஒரு போன்தான், அதையும் மறக்கவில்லை. ஆனால் நோயாளி திரையில் அழுத்த வேண்டிய கேள்விப் பட்டியலை என்னை எழுதச் சொன்ன நாளிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. பட்டியலில் இல்லாததை யார் கேட்பார்கள்? நல்ல பதில் போலவே வந்து நிற்கும் கெட்ட பதிலை எந்தத் திரை கண்டுபிடிக்கும்?

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நோட்டைக் கிழித்துவிட்டு விலகிவிடுவதாக டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். மணி இரண்டு. போன் அடித்தது. என் கை போகவில்லை. "எடு பிள்ளை. உனக்கு இப்ப பயம் வந்திட்டுது. இனி நீ எடுக்கலாம்," என்றார்.

ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு பெண். "ஒன்னுமில்ல தங்கச்சி, மகளுக்கு மூனு நாளா காய்ச்சல், இப்ப கொறஞ்ச மாதிரி இருக்கு, சும்மா கேக்கலாம்னுதான்..."

"அக்கா, போன வைக்காதீங்க. போயி பிள்ளையோட பாதத்தத் தொட்டுப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

மேசையில் ரிசீவர் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. பிறகு எதுவுமில்லை. டாக்டரம்மா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். நான் கம்பியின் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தேன். செருப்பு திரும்பி வந்தது.

"சூடாத்தாம்மா இருக்கு."

காய்ச்சல் இருக்கிறது என்ற சேதியைக் கேட்டு அத்தனை ஆறுதல் அடைந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை. டாக்டரம்மாவைப் பார்த்தேன். வரச் சொல் என்பது போல அவர் தலையை வாசல் பக்கம் ஆட்டினார்.

"வாங்கக்கா," என்றேன். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே வாங்க. எந்நேரமானாலும் டாக்டர் இருப்பாங்க."