தேர்வுக்கு இரவல் பிள்ளை

உறையூர் கலைமதிக்கு ஸ்ரீரங்கத்துப் பிளே ஸ்கூல் ஒன்றில் ஆயா வேலை. பயிற்சிச் சான்றிதழ் இல்லாத யாரும் ஜூனுக்கு மேல் வேண்டாம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. புருஷன் போன இடம் தெரியாத வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. வேறு வழியில்லாமல் மன்னார்புரத்தில் மழலையர் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். ஸ்கூல் விட்டதும் பஸ் பிடித்து ஓடுவாள். பெற்ற மகள் நிஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, குழந்தையின் மனசைப் பற்றிப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தாள். கூத்துதான், வேறென்ன சொல்ல.

செய்முறைத் தேர்வில் சொல்லிக்கொடுத்துக் காட்ட ஆளுக்கொரு பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். சொந்தப் பிள்ளை கூடாது. அம்மாவின் கண்ணசைவைப் பார்த்தே எல்லாம் செய்துவிடுமாம். கலைமதி பக்கத்து வீட்டு அல்ஷிஃபாவைப் பழக்கி வைத்திருந்தாள். தேர்வன்று காலையில் பார்த்தால் அதற்கு அனலாய்க் காய்ச்சல். தெருவில் அவள் கெஞ்சாத வீடில்லை. திடீரென்று கேட்டால் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? கடைசியில் நிஷாவுக்குத் தலை வாரிவிட்டாள்.

"அங்க என்னை அம்மான்னு கூப்பிடக் கூடாது. மிஸ்னுதான் சொல்லணும். இல்லன்னா அம்மாவுக்கு வேலை போயிடும்."

மூன்று வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? பஸ்ஸில் வழி முழுக்க நிஷா "மிஸ், மிஸ்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தேர்வாளரம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். நிஷா சிந்தாமல் தண்ணீர் ஊற்றினாள், பட்டன் போட்டுக் காட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டால் போதும் என்று கலைமதி எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். அப்போதுதான் நிஷா பாவாடையோடு மூத்திரம் போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தன. நிஷாவின் உதடு பிதுங்கியது. இரண்டு கையையும் நீட்டி, "மிஸ், தூக்குங்க மிஸ்" என்று தேம்பினாள். அந்த அழுகையிலும் அம்மா சொன்னதை மறக்கவில்லை.

கலைமதிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சான்றிதழும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று மகளை வாரி எடுத்தாள்.

"அம்மா இருக்கேன்டி தங்கம்."

தேர்வாளரம்மா பேனாவை மூடி வைத்தார். நிஷா பயந்துபோய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஈரக் கையால் அம்மாவின் வாயைப் பொத்தி, காதோடு சொன்னாள்.

"சொல்லாதீங்க மிஸ். வேலை போயிடும்."