மேஜரின் தவக்காலம்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் மோசஸ் அண்ணன் தன் வீட்டு ஆமையைச் சுத்தபோசனம் இருக்க வைத்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் கறி, மீன் தொடாமல் இருப்பார்களே, அதுதான். கேள்விப்பட்டவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆமையின் சாப்பாட்டு டப்பா என் வீட்டு பால்கனியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மோசஸ் அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு பூனாவுக்கு வந்த குடும்பம். முப்பத்து நான்கு வருஷம் ஒரு ராணுவ மெஸ்ஸில் ஸ்டோர்கீப்பராக இருந்தார். தலைக்கு இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் பருப்பு, இத்தனை கிராம் கறி என்று நிறுத்துக் கொடுப்பதுதான் வேலை. கறி சாப்பிடாத ஜவானுக்கு அதற்கு ஈடாக வேறொன்றைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. கறி வேண்டாம் என்று சொன்ன ஒருவனையும் ஈடு கொடுக்காமல் அனுப்பியதில்லை என்பார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அவர் மனைவி ஃபேபியோலா அக்கா பீன்ஸ் நறுக்கினால் பக்கத்தில் போய் நின்று, "தலைக்கு எவ்ளோ வருது?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பெயர் பாலச்சந்திரன். பூனாவை ஒட்டிய சிஞ்ச்வடில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பக்கத்தில் தாபோடியில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று மாடிப்படியில் தமிழ் கேட்டது. அந்த ஒரு காரணத்துக்காகவே முன்பணம் கொடுத்துவிட்டேன். ஒன்பது வருஷம் ஆகிறது.

ஆமையின் பெயர் மேஜர். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் ஜாதி. அண்ணனின் ஒரே மகன் ஜோபின் பத்தாவது படிக்கும்போது வளர்ப்பு மீன் விற்கும் கடையிலிருந்து டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தானாம். அன்றைக்கு பிஸ்கட் அளவு இருந்தது இன்றைக்கு டிபன் தட்டு அளவு வளர்ந்து, ஹாலில் பாதியை அடைக்கும் கண்ணாடித் தொட்டியில் கிடக்கிறது. ஜோபின் நான்கு வருஷமாக துபாயில் இருக்கிறான். கார் பழுது பார்க்கும் இடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இவர்கள் வீடு திரும்பியதும் போன் வரும்.

அந்த போனை நான் பல தடவை கூடவே இருந்து கேட்டிருக்கிறேன்.

"டாடி, மேஜர் சாப்டானா?"

"சாப்ட்டான்."

"வஜன் எவ்ளோ?"

"ஆயிரத்தி நூத்தி நாப்பது கிராம். நேத்து போட்டேன்."

"டீக் ஹை. மம்மிகிட்ட குடுங்க."

இவ்வளவுதான். அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை ஏதும் கிடையாது. பேச வரவில்லை. மேஜரை எடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை மிஞ்சாது. ஊரில் என் அப்பாவோடு நானும் மழையைப் பற்றி மட்டுமே பேசுகிறவன் என்பதால் இதைக் கேலி செய்ய எனக்கு வாய் வந்ததில்லை.

இந்த ஜனவரியில் ஜோபினுக்கு வேலை போய்விட்டது. அவன் சொல்லவில்லை. மெஸ்ஸில் அண்ணனோடு வேலை பார்த்த பாஸ்கரின் தங்கை மகன் அதே இடத்தில் இருக்கிறான். அவன் மூலமாகச் செய்தி வந்தது. அடுத்த ஞாயிறும் ஜோபின் போன் செய்தான், மேஜர் சாப்பிட்டானா என்று கேட்டான், டீக் ஹை என்றான்.

"நேராக் கேட்டுப்போடுங்கண்ணா," என்றேன். "இதுல என்ன இருக்குது?"

"கேட்டா பொய் சொல்லுவான் தம்பி. பொய் சொல்லிட்டா அப்புறம் எனக்கு போன் பண்ண அவனுக்குக் கூச்சமா பூடும். ஒரு வாரம் நிக்கும், ரெண்டு வாரம் நிக்கும், அப்டியே நின்னுடும். இப்போ ஞாயித்துக்கெழம அவன் கொரலாச்சும் வருது. அத நான் கெடுத்துக்க மாட்டேன்."

தவக்காலம் தொடங்கியது. மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அண்ணன் ஒரு நேர்ச்சை எடுத்துக்கொண்டார். வழக்கமாகக் கறி, மீனைத்தான் விடுவார்கள். இந்த முறை முட்டை கிடையாது, பால் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு கிடையாது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாளே ஃபேபியோலா அக்கா ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அண்ணன் ஒரு டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே மேஜரின் பெல்லட் என்கிற தீனி உருண்டைகளும் காய்ந்த இறாலும் இருந்தன. மீன் வாடை வீட்டில் வேண்டாம், ஈஸ்டர் வரை இங்கே இருக்கட்டும் என்றார். அப்படியானால் மேஜருக்கு என்ன போடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய கணக்கு பிறகுதான் தெரிந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இரண்டு பேர் வேண்டினால் போதுமோ போதாதோ என்று சந்தேகம். மேஜரும் வீட்டில் ஒருவன்தானே, அவனையும் சேர்த்துக்கொண்டார். மெஸ் வழக்கப்படி, கறி இல்லாதவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஆமை கீரை தின்னும் என்பது அவருக்குத் தெரியும். கீரையிலேயே சத்தானது பாலக் என்று ஊரே சொல்கிறது. ஆகவே பாலக், அதுவும் இரண்டு பங்கு. தினமும் காலையில் காய்கறி விற்கும் பாஜி மார்க்கெட்டில் இளசாகப் பார்த்து வாங்கி, மூன்று தண்ணீரில் கழுவி, தராசில் நிறுத்துப் போட்டார். முதல் இரண்டு நாள் மேஜர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் தின்னத் தொடங்கினான். அண்ணனுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஐந்தாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் வாளி.

"தம்பி, இவன் ஓரத்துல கை வெச்சிப் பாரேன்."

வைத்தேன். கல்லு மாதிரி இருக்க வேண்டிய ஓடு கட்டைவிரலுக்கு அமுங்கிக் கொடுத்தது. மேஜர் தலையைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

நான் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அண்ணன் பின்னால் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு குழிக்கும் "மெதுவா, மெதுவா" என்று என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். சிஞ்ச்வடில் இந்த மாதிரி பிராணிகளைப் பார்க்கும் ராஜஸ்ரீ என்ற டாக்டர் இருக்கிறார். சின்னப் பெண்தான். மேஜரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து கிராம் கணக்கோடு சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாலக்கில் இருக்கும் ஒரு சரக்கு சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது, சுண்ணாம்பு சேராவிட்டால் ஓடு எப்படி நிற்கும் என்று பொறுமையாக விளக்கினார். வளர்ந்த ஆமைக்குக் கீரைதான் பெரும்பங்கு, அதில் தப்பில்லை. ஆனால் முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, முசுக்கொட்டை இலை, லெட்யூஸ் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அதன் ஓடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு கீரை. அதன் தலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெல்லட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டு மீன். பாலக் எப்போதாவது ஒரு கிள்ளு. கொறிக்கக் கணவாய் மீனின் ஓடு ஒன்று தண்ணீரில் கிடக்கட்டும்.

"தொட்டி வெயில் படுகிற இடத்திலா இருக்கிறது?" என்று கேட்டார்.

போன மழைக்கு அண்ணன் தன் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்ததிலிருந்து தொட்டி ஹால் மூலையில்தான். வெயில் இல்லாவிட்டாலும் சுண்ணாம்பு சேராது, அதுவும் ஒரு காரணம், இது ஐந்து வாரத்தில் வந்த கோளாறு இல்லை, வெகு நாளாக உள்ளே இருந்திருக்கிறது, பாலக் முற்ற வைத்துவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டார். தினமும் அரை மணி நேரமாவது நேர் வெயில், ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும் என்றார். பிழைக்குமா என்று நான் கேட்டேன். ஒரு மாதம் போனால்தான் சொல்ல முடியும் என்றார்.

திரும்பி வரும்போது அண்ணன் முதுகில் தட்டவில்லை. கட்டடத்துக்குக் கீழே இறங்கியதும்தான் வாயைத் திறந்தார்.

"முப்பத்தி நாலு வருஷம். ஒருத்தனுக்கும் ஒரு கிராம் கொறஞ்சதில்ல தம்பி. அளந்துதானே போட்டுகினு இருந்தேன்."

டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம ஜோபின்கிட்டச் சொல்லிப்போடுங்க," என்றேன்.

"சொன்னா ஏன்னு கேப்பான். நேர்ச்சைன்னா எதுக்கு நேர்ச்சைன்னு கேப்பான்." வாளிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். "சொல்லாம வுட்டு, இவன் பூட்டான்னா? அப்புறம் அவன் எதுக்கு எனக்கு போன் பண்ணப் போறான்?"

நான் வாளியோடு படியேறத் தொடங்கினேன்.

சனிக்கிழமை ஃபேபியோலா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, சுத்தமாகக் கழுவி வைத்திருந்த சமையலறையில் ஒரு விரல் நீளத்துக்கு மீன் துண்டை வேகவைத்தார். உப்பில்லாமல், மசாலா இல்லாமல். "ஆண்டவருக்குத் தெரியாதா இது யாருக்குன்னு," என்றார். மேஜர் முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாங்கள் மொட்டை மாடியில் இருந்தோம். தண்ணீர்த் தொட்டி ஓரம் பழைய குழந்தைக் குளியல் தொட்டியில் மேஜர் கிடந்தான். பாதிக்கு நான் சாக்கைக் கட்டி நிழல் கொடுத்திருந்தேன். போன் அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"டாடி, மேஜர் சாப்டானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சாப்புடல. ஓடு மெத்துனு பூட்ச்சி. நான்தான் காரணம். அஞ்சு வாரமா மீன் குடுக்கல, பெல்லட் குடுக்கல, வெறும் பாலக் போட்டேன். டாக்டர்கிட்ட காட்டிகினு வந்தேன். பொழைக்குமான்னு தெர்ல."



"க்யோன் டாடி? ஏன் அப்டி பண்ணீங்க?"

"நேர்ச்சை. வீட்ல எல்லாரும் இருந்தோம். அவனையும் சேத்துட்டேன்."

"எதுக்கு நேர்ச்சை?"

அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வாரத்தில் நிறைய மெலிந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு ஒரு வேலை கெடைக்கணும்னு."

போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"ஜனவரிலயே."

"கேக்கவே இல்ல."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"எப்டி சொல்றது டாடி. நான் ட்ரை பண்றேன், கெடைக்க மாட்டேங்குது. இன்னும் பத்து நாள்தான் விசா. நான்..." அவன் தமிழ் அங்கே நின்றுவிட்டது. ஹிந்தியும் வரவில்லை. கடைசியில் சின்னப் பையன் குரலில் கேட்டான். "நான் கர்... வீட்டுக்கு வந்துடட்டா?"

நான் சாக்கை இழுத்துக் கட்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அண்ணன் யோசிக்கவே இல்லை.

"வா," என்றார். "சீக்கிரம் வா. இவனை தெனம் மாடிக்குத் தூக்கியாந்து வெயில்ல வெக்கணுமாம், டாக்டர் சொல்லிக்கீறாங்க. எனக்கு முட்டி வலி, படி ஏற முடியல. வீட்ல ஒரு ஆள் இல்லாம ரொம்ப கஷ்டமாக்கீது."

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அந்தக் குளியல் தொட்டியைத் தண்ணீரும் ஆமையுமாகத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைத் தொட விடாமல், இரண்டு மாடி ஏறி வந்தவர் அவர்.