தவக்காலத்தில் எடுத்த தொக்கம்

எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்த என் மகள் திடீரென்று சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. ஊட்டுவதற்குள் என் உயிர் போய்விடும். இரவெல்லாம் வயிறு வலிக்கிறது என்று அழுவாள்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே குடியிருந்த நாத்தனார் தீர்ப்பே சொல்லிவிட்டார். "தொக்கம் வுழுந்துகீது. எதையோ முழுங்கி, அது வயித்துல ஒட்டிக்கினு கீது. எடுத்தா சரியாப் பூடும்."

தொக்கம் எடுக்கும் அம்மா நெமிலிச்சேரியில் இருந்தார். நான் வேண்டாம் என்றேன், யார் கேட்டார்கள்? நாத்தனாரே முன்னால் நின்று எங்களைக் கூட்டிப்போனார். கதறக் கதறக் குழந்தையைப் படுக்கவைத்து, அந்த அம்மா வயிற்றை எண்ணெய் போட்டு நீவி, தொப்புளில் வாய் வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் ஒரு துண்டைத் துப்பிக் காட்டினார்.

"பாத்துக்கோ, கறித்துண்டு. இதான் உள்ளாற குந்திகினு இருந்துச்சு."

நாங்கள் கத்தோலிக்கர்கள். அது தவக்காலம். சாம்பல் புதனிலிருந்து எங்கள் வீட்டில் கறி சமைக்கவே இல்லை. அதைச் சொன்னேன். நாத்தனார் அசரவில்லை. "அப்போ கிறிஸ்துமஸ்ல துன்னதா இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிறிஸ்துமஸ் கறி இத்தனை நாள் அப்படியே உட்கார்ந்திருக்க வயிறு என்ன ஃப்ரிட்ஜா? போட்டதையெல்லாம் அமிலத்தில் ஊறவைத்துப் பிசைந்து கூழாக்கி, சில மணி நேரத்தில் சிறுகுடலுக்குத் தள்ளிவிடுகிற உறுப்பு அது. சிறுகுடல் சத்தை ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். எஞ்சிய சக்கையிலிருந்து தண்ணீரைப் பெருங்குடல் இழுத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. கூட வந்த என் கணவர் பொறியியல் படித்தவர். அவரும் அந்தத் துண்டை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை.

அம்பத்தூரில் குழந்தைகள் டாக்டர் அடிவயிற்றின் இடது பக்கத்தை அழுத்திப் பார்த்தார். "ஒழுங்கா வெளிக்குப் போறாளா?"

"எப்பவாவதுதான் போறா டாக்டர். கல்லு மாதிரி."

"அடக்கி வைக்கிறா. உள்ளே தங்கத் தங்கப் பெருங்குடல் தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், இறுகிடும். போனா வலிக்கும். வலிக்குமேன்னு இன்னும் அடக்குவா. கீழே அடைச்சுக்கிட்டா பசி எப்படி எடுக்கும்?" சொல்லிவிட்டு மகளிடம் குனிந்தார். "ஸ்கூல்ல வந்தா என்னடா பண்ணுவே?"

"மிஸ் அடக்கிக்கச் சொன்னாங்க. வீட்டுக்குப் போய்தான் போணுமாம்."

வாயில் என்ன போனது என்றே நாங்கள் எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

டாக்டர் கொடுத்த மருந்தில் வயிறு இளகியது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வகுப்பறை வாசலில் போய் நின்றேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

மிஸ் சிரித்தபடி சொன்னார். "ஒரே ஒரு ஆயாதான் மேடம். எத்தனை பேரைக் கழுவி விடுவாங்க? காலையிலேயே முடிச்சிட்டு வரணும்னு நீங்கதான் பழக்கணும்."

"குடலுக்கு உங்க டைம்டேபிள் தெரியாது மிஸ்."

அப்போது முன்வரிசையில் ஒரு குழந்தை காலைப் பின்னிக்கொண்டு எழுந்து நின்றது. "மிஸ்…"

"உட்காரு," என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உள்ளே போய் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக் கழிப்பறைப் பக்கம் நடந்தேன். பின்னாலேயே என் மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, எனக்கும் வருது."