வாறன் என்றொரு பட்டன்

முதல் சண்டை ‘வெளியேறு’ என்ற சொல்லில்தான் தொடங்கியது.

நான் வீட்டிலிருந்தே கம்பனிகளுக்குக் கணினி புரோகிராம் எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறவள். அந்த நாட்களில், யாரும் கேட்காமலேயே, என்னுடைய மூன்று சிநேகிதிகளுக்காக ஒரு தாய விளையாட்டைச் செய்துகொண்டிருந்தேன். நாலு பேரும் நாலு நாட்டில் இருந்துகொண்டு ஒரே பலகையில் காய் நகர்த்தலாம். பலகையின் நாலு பக்கமும் நாலு முகம் வீடியோவில் தெரியும். பேசலாம், ஏசலாம். எல்லாம் ஓரளவு சரிவந்த பிறகு, விளையாட்டை விட்டுப் போவதற்கு மூலையில் ஒரு பட்டன் வைத்து அதில் ‘வெளியேறு’ என்று எழுதினேன். கணினித் தமிழில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

தோஹாவில் இருக்கிறவள் அதைப் பார்த்ததும் குதித்தாள். அவள் ஏறாவூர்க்காரி. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போனால் அவளுக்கு நித்திரை வராது.

“என்ன கா இது? வீட்ட வந்தவள வெளியேறு எண்டு துரத்துறாய்?”

“மறுகா என்ன எழுதுற? ‘போறன்’ எண்டா?”

“வாயில நல்லதே வராதா உனக்கு? ஆராவது போறன் எண்டு சொல்லிட்டுப் போவாங்களா?”

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் கிளம்புகிற எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் ‘வாறன்’, கனடாவுக்குப் போனாலும் ‘வாறன்’. ஆகவே பட்டனில் ‘வாறன்’ என்று எழுதினேன். மூவருக்கும் சரியான சந்தோசம்.

எனக்குத்தான் மண்டை காய்ந்தது. ஒருத்தி ‘வாறன்’ என்றால், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பி வரப்போகிறாளா, இல்லை ஒரேயடியாகப் போகிறாளா என்பதை நாம் அவளுடைய முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கணினிக்கு முகம் தெரியாது. இரண்டில் ஒன்றை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் என் ஆசைக்குச் சொல்லிக்கொடுத்தேன். ‘வாறன்’ அமுக்கினால் அவளுடைய படமும் குரலும் மற்றவர்களுக்கு நின்றுவிடும். ஆனால் அவளுடைய இடம் அப்படியே இருக்கும், மற்றவர்கள் பேசுவதும் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே யார் யாரை வெட்டினாள் என்று தெரிந்துகொள்ளலாமே. திரும்பி வந்து ‘வந்திட்டன்’ என்று அமுக்கினால் முகம் மறுபடி தெரியும். இதையெல்லாம் அவர்களுக்கு விளக்கிச் சொன்னேனா என்றால், சொன்னேன். அவர்கள் கேட்டார்களா என்றால், அந்த நேரம் மூவரும் ஒருத்தி வாங்கிய புதுத் திரைச்சீலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் நாலு பேரும் வந்தாறுமூலைக் கம்பஸில் ஒரே விடுதி அறை. சீமெந்துத் தரையில் சோக்கால் கட்டம் கீறி, புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கி, பரீட்சைக்கு முதல் நாள்கூடத் தாயம் போட்டவர்கள். படிப்பு முடிய ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் கட்டிக்கொண்டு போனார்கள். மாங்கேணிக்காரி கனடாவுக்குப் போனாள். ஏறாவூர்க்காரி தோஹாவுக்கு. பக்கத்துக் கட்டிலில் படுத்தவள், எல்லாரிலும் எனக்கு நெருக்கமானவள், லண்டனுக்குப் போனாள். நான் புளியந்தீவில் எங்கள் வீட்டில் இருந்துவிட்டேன். எனக்குப் பேசிய கல்யாணம் எதுவும் சரிவரவில்லை, நானும் அதன் பின்னால் ஓடவில்லை. அம்மா இருக்கும்வரை வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. அம்மா போன பிறகு, பின்மதிலுக்கு அப்பால் வாவியில் மீன் துள்ளினாலும் என் அறைக்குள் கேட்கிறது.

வேலை முழுக்கக் கணினியில்தான். காலையில் பாணும் பணிஸும் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது “ஒரு றாத்தல்” என்பேன். சில நாட்களில் அந்த இரண்டு சொல்லோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். பின்னேரம் யாராவது போன் எடுத்தால் தொண்டை கரகரக்கும், தடிமலா என்று கேட்பார்கள். தனிமை அமைதி தரும், தனிமை இனிமை என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு கிழமை எங்கள் வீட்டில் வந்து இருந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

எங்கள் நாலு பேருக்கும் போனில் ஒரு குரூப் இருந்தது. பிறந்தநாள் என்றால் கேக் படம், பெருநாள் என்றால் பிறைப் படம், பொங்கலென்றால் பானைப் படம். படத்துக்குப் பதில் இன்னொரு படம். அதுவும் வரவரக் குறைந்தது. எனக்குப் பயம் பிடித்தது. இவர்களும் கைவிட்டுப் போனால் எனக்கு ஆளே இல்லை. இதை வேறு மாதிரி அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ‘சும்மா கதைப்பம், வாங்கடி’ என்றால் மூவருக்கும் ஆயிரம் வேலை. விளையாட்டென்றால் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் செய்தேன்.

செய்து முடிப்பதற்குள் உயிரை வாங்கிவிட்டார்கள். ஒருத்தரையும் வெட்டாத காய் உள்ளே ஏறிப் பழமாகலாமா, ஆகக்கூடாதா? விடுதியில் எப்படி விளையாடினோம் என்று மூன்று பேரும் மூன்று விதமாகச் சத்தியம் பண்ணினார்கள். நான் பொறுமை இழந்து, “வெட்டாமப் பழமில்ல, அவ்வளவுதான், விருப்பமில்லாதவள் லூடோ விளையாடு” என்று எழுதிப் பூட்டிவிட்டேன். கொட்டை விழுகிற சத்தத்துக்காகப் புளியங்கொட்டை தேய்த்து, குசினித் தரையில் போட்டுப் போனில் பதிவு செய்தேன். அதை முதன்முதலாகக் கேட்டபோது கனடாக்காரி, “அடியேய், எங்கட ரூம் சத்தம்டி!” என்று கத்தினாள். அவள் கத்தினால் மாங்கேணிக் கடலில் தோணியில் நிற்பவனுக்கும் கேட்கும். அன்று எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை ஏழு மணி எங்கள் நேரம். எனக்கு இரவு, தோஹாவில் பின்னேரம், லண்டனில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், கனடாவில் காலை. வெள்ளிக்கிழமையே எனக்குக் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். சனிக்கிழமை தலைக்குக் குளித்து நல்ல சட்டை ஒன்று போட்டுக்கொண்டு உட்காருவேன். வீடியோவில் கழுத்துக்குக் கீழே தெரியாது, இருந்தாலும் போடுவேன்.

“உன்ட மிஷினுக்கு உன்னில ஒரு கண் கா. உனக்கு மட்டும்தான் தாயம் போடுது” என்பாள் தோஹாக்காரி.

“கும்பிட்டு எழுதினன், அதான்.”

“நானும் ஓதிட்டுத்தான் வாறன், எனக்கு விழுதில்லயே!”

சும்மா சொல்லக்கூடாது, சிரித்துச் சிரித்து வயிறு நோகும். லண்டன்காரி மட்டும் கொஞ்ச நாளாகக் கமராவைத் தள்ளி வைத்திருந்தாள். முகம் சரியாகத் தெரியாது. தாயம் விழுந்தாலும் காயை நகர்த்த மறந்துபோய் இருப்பாள். என்னடி என்று கேட்டால், “வேல கூட” என்பாள். லண்டனில் எல்லாருக்கும் வேலை அதிகம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்படியொரு சனிக்கிழமை நடு விளையாட்டில் முற்றத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் மோட்டரை நிறுத்த மறந்துவிட்டேன், டாங்கி நிரம்பி வழிகிறது. பாதியில் நின்ற பேச்சுக்கு மரியாதையாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ‘வாறன்’ பட்டனை அமுக்கிவிட்டு ஓடினேன். மோட்டரை நிறுத்தி, நனைந்த காலைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தபோது பலகையில் என் இடம் இருட்டாக இருந்தது. மற்ற மூவரும் இருந்தார்கள். ‘வந்திட்டன்’ அமுக்கக் கையை நீட்டினேன். அப்போது கனடாக்காரியின் குரல் கேட்டது. வழக்கமான குரலில்லை, மெதுவான குரல்.

“அவள் போய்ட்டாள். இப்ப சொல்லுடி, ரிப்போட் வந்ததா?”

“வந்தது” என்றாள் லண்டன்காரி. “மார்பில இரிக்கிற அந்தக் கட்டி கூடாத கட்டிதானாம். எடுக்கத்தான் வேணுமாம். அடுத்த மாசம் ஒப்பரேசன்.”

“அல்லாஹ்வே” என்றாள் தோஹாக்காரி. பிறகு, “அவளுக்கு இன்னும் சொல்லல்லயா?” என்று கேட்டாள்.

“வேணாம் கா. தனிய இரிக்கிறவள், பாவம். அவள் தாயம் போட்டுச் சிரிச்சிட்டு இரிக்கட்டும்” என்றாள் லண்டன்காரி.

“ஓம். அதுக்குத்தானே நானும் சனிக்கிழமையில புள்ளய நீச்சலுக்கு விடாம இதுல வந்து குந்தியிரிக்கன்” என்றாள் கனடாக்காரி. “அவளுக்கும் ஆக்கள் வேணுமே.”

கை நீட்டினபடியே நின்றது. நெஞ்சுக்குள் முதலில் கட்டி என்ற சொல்தான் விழுந்தது, பாவம் என்ற சொல் பிறகுதான் விழுந்தது. ஆனால் பிறகு விழுந்ததுதான் முதலில் எரிந்தது, அதை மறைத்து என்ன செய்ய? நான் இவர்களைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் நோயாளியைப் பார்க்க வருகிறமாதிரி என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நோயாளி அங்கே லண்டனில் இருக்கிறாள். அவளும் சேர்ந்து என்னைப் பார்க்க வருகிறாள்!

எனக்கு வந்ததே கோபம். பட்டனை அமுக்கினேன்.

“நான் தனிய இரிக்கிறவள் எண்டா, செத்துப்போனவளா?”

மூன்று முகமும் பேயறைந்த மாதிரி ஆயின. தோஹாக்காரி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். கனடாக்காரி, “நீ வாறன் எண்டு போட்டுட்டுப் போனாயே!” என்றாள், ஏதோ நான் ஒளிந்திருந்து கேட்டதுபோல.

“வாறன் எண்டா வருவன் எண்டுதானேடி அர்த்தம்! இவ்வளவு நாளா என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல. பக்கத்துக் கட்டில்ல படுத்தவள்! இவளுகளுக்கெல்லாம் சொல்லியிரிக்கிறாய், எனக்குச் சொல்லல்ல!”

“உனக்குச் சொன்னா நீ அழுவாய்” என்றாள் லண்டன்காரி. கமராவை இப்போது நேராக வைத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “இவளுகள் அழுதா வீட்டில ஆக்கள் இரிக்காங்க. நீ அழுதா ஆருடி உன்னப் பாக்கிற?”

அவள் கேட்டதில் பிழை இல்லை. என்னைச் சுற்றி அம்மாவின் கதிரை, மேசை, சுவர். யாராவது இருந்தால் இந்த இடத்தில் ஒரு கை தோளில் விழுந்திருக்கும்.

“அழுதா அழுதிட்டுப் போறன்” என்றேன். “அது என்ட பாடு. நீ சொல்லு. முதல்ல இருந்து சொல்லு.”

அவள் சொன்னாள். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதையும், ஒன்றுமிருக்காது என்று கணவனுக்குக்கூடச் சொல்லாமல் நாட்களைக் கடத்தியதையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வயதில் தன்னைவிடச் சின்னப் பெண்ணாக ஒரு டொக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதே விளங்கிவிட்டதாம். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் அவ்வளவு பதமாகப் பேசியதாம். இவள் அவளுடைய தோட்டையே பார்த்துக்கொண்டு, நல்ல தோடு, எங்கே வாங்கியிருப்பாள் என்று யோசித்தாளாம். அதைச் சொன்னபோது கனடாக்காரி சிரித்துவிட்டாள், பிறகு மூக்கைத் துடைத்தாள். இதெல்லாம் அந்த இரண்டு பேரும் இரண்டாவது தடவை கேட்கிற கதை. என்றாலும் ஒருத்தியும் எழும்பிப் போகவில்லை. யாருடைய முறை என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அழுதேன். நன்றாகவே அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போய் மீண்டும் அழுதேன். அவள் சொன்னதுபோலவே பார்க்க ஆளில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சாப்பிடாமல் மூடி வைத்தேன்.

மறுநாள் விடிய முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லண்டன்காரி. அங்கே அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும்.

“அழுதியாடி?”

“ஓம்.”

“அதான் சொன்னன்” என்று சிரித்தாள்.

“நீ ஏன் நித்திரை கொள்ளல்ல?”

“வருதில்ல. இவர் இப்பதான் கண்ணயர்ந்தவர், எழுப்ப மனம் வரல்ல. கனடாவில புள்ளயளப் படுக்கப்போடுற நேரம். மற்றவளும் படுத்திருப்பாள். இந்த நேரத்தில முழிச்சிரிக்கிறவள் நீ ஒருத்திதான். நான் இன்னும் ஒருத்தருக்கு முன்னாலயும் அழல்ல, தெரியுமா? எல்லாருக்கும் தைரியம் சொல்லிச் சொல்லி வாய் நோகுது. இப்ப அழப்போறன். நீ ஒண்டும் சொல்லாத. போன வைக்காம மட்டும் இரி.”

விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் அழத் தொடங்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.