விரலை எடுத்தாலும் நிற்காத செயின்

என் வீட்டுக்காரர் மரம் ஏறுகிறவர். நான் கீழே நின்று கயிறு பிடிக்கிறவள். உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊரில் மரம் சாய்ந்தாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளிக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்காதீர்கள். அவர் மரத்தில் இருக்கும்போது நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் பயம் இதைவிட அதிகம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. காற்று மழையில் ஒரு வேப்பமரம் மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, "இன்னைக்கே முட்ச்சிடுங்க. நாளைக்கு வெள்ளிக்கெயம, வேப்ப மரத்துல கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மதியம் தாண்டியும், செயின் சுற்றி மரம் அறுக்கிற மிஷின் மசியவில்லை. சும்மா விட்டால் ஓடும். ரேஸ் கொடுத்தால் தொண்டை அடைத்த மாதிரி அமுங்கி அணைந்துபோகும்.

அதன் கார்பரேட்டரில் மூன்று திருகுகள். ஒன்று மெதுவாக ஓடும்போது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க, ஒன்று வேகமாக ஓடும்போது. மூன்றாவது, ரேஸிலிருந்து விரலை எடுத்தாலும் இஞ்சின் அணையாமல் பிடித்துவைக்க; அதை அளவுக்கு மேல் ஏற்றினால் விரலை எடுத்த பிறகும் செயின் நிற்காது. அமுங்குகிறது என்றால் முதல் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். அவர் மூன்றாவதைத் திருகி ஓட்டத்தை ஏற்றிவிட்டார்.

"யோவ், விரல எடுத்துட்ட. செயின் சுத்திக்கினே கீது பாரு" என்றேன்.

"லேசாத்தான் சுத்துது. கட்டையில பட்டா நின்னுடும்."

"பில்டர கழுவி, அந்த மொதல் திருகத் தொட்டுப் பாருய்யா."

"நீ இன்னா மெக்கானிக்கா? பொழுது போவுது மே, கயித்தப் புடி."

செயினை நிறுத்துகிற பிரேக் எப்போதோ உடைந்துபோயிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதை அவரிடம் யார் சொல்வது?

மரத்தில் உட்கார்ந்துகொண்டு மிஷினைக் கிளப்புவது பெரிய பேஜார். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் கீழேயே கிளப்பி, ஓடுகிற மிஷினைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வார்கள். அவர் ஏறி, மஞ்சள் நைலான் கயிற்றால் இடுப்பை மரத்தோடு கட்டிக்கொண்டு சாய்ந்தார். நான் மிஷினைக் கிளப்பி அனுப்பினேன். அது ஆடாமல் இருக்க, அதில் கட்டிய இன்னொரு கயிறு என் கையில் இருந்தது.

போகப் போக இஞ்சின் சூடேறியது. சத்தம் ஏறியது. லேசாகச் சுற்றிக்கொண்டிருந்த செயின் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓட ஆரம்பித்தது. "வேணாய்யா, வுட்டுடு" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து கையை நீட்டினார். மிஷின் கிளையில் இடித்து, அவர் இடுப்புப் பக்கம் திரும்பியது.

என் முகத்தில் என்னவோ விழுந்தது. தட்டிப் பார்த்தேன். மஞ்சள் நூல்.

இடுப்புக் கயிறு அறுபடுகிறது, அவருக்குத் தெரியவில்லை. என் கையில் இருந்த கயிற்றை உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுத்தேன். மிஷின் கயிற்றோடு அவர் பிடியை விட்டுக் கழன்று என்னை நோக்கி வந்தது. விழுந்தடித்து ஓடினேன். அது சேற்றில் விழுந்து, மண்ணை வாரி இறைத்து, அடங்கியது.

"அறிவு கீதாடி உனக்கு? மிஷின உடைச்சிட்டியே" என்று மேலேயிருந்து கத்தினார்.

இப்போது சத்தம் போட்டால் திடுக்கிட்டு அசைவார் என்று பயந்தேன். குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். "யோவ், மரத்த நல்லாக் கட்டிப் புடிச்சிக்கோ. இடுப்புக் கயித்துல சாயாத. அது அறுந்துகினு கீது."

அவர் குனிந்து பார்த்தார். மரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலால் தடவித் தடவி இறங்கினார். அவர் கால் தரையில் படுகிற வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இல்லை. "ஆத்தாதான் காப்பாத்துனா" என்று அந்த வீட்டு அம்மா வேப்பமரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மரம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

வெள்ளிக்கிழமை வீட்டில் அவர் பில்டரைக் கழுவினார், உடைந்த பிரேக்கை மாற்றினார். முதல் திருகைத் துளித்துளியாகத் திருப்பினார். ரேஸ் கொடுத்தால் மிஷின் உடனே சீறியது. மூன்றாவதைக் குறைத்துவிட்டு விரலை எடுத்தார். "நீயே பாரு, நிக்குதா?" என்றார். நின்றது. அப்படியும் இன்னொரு தரம் ரேஸ் கொடுத்து விரலை எடுக்கச் சொன்னேன்.

இப்போதெல்லாம் மிஷின் அணைந்துதான் மேலே போகிறது. கிளையில் உட்கார்ந்து, கிளப்புகிற கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, மிஷினையும் என்னையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்தத் திட்டு காதில் விழுகிற வரைக்கும் கீழே எனக்கு மூச்சு வருவதில்லை.