புளியில் ஊறிய பச்சைக்கல்

முட்டி இரண்டும் போன ஆளுக்குக் குன்று ஏறும் ஆசை எதற்கு என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். தொழிற்சாலையில் வாரமெல்லாம் நின்று தேய்ந்த கால்கள். ஆனாலும் ஞாயிறு விடிந்தால் மோட்டர் பைக்கை எடுத்துக்கொண்டு, பீடோங் பட்டணத்துக்கு அப்பால் ரப்பர்த் தோட்டத்தின் பின்னால் இருக்கும் குன்றுக்குப் போய்விடுவேன்.

அங்கே மண்ணுக்குள் வெள்ளையாக ஓடும் பாறைக்கு பெக்மடைட் என்று பெயர். லித்தியம் கலந்தது. அதன் இடுக்குகளில் எப்போதாவது அபடைட் படிகம் கிடைக்கும். பாஸ்பேட் வகை, நம் பல்லும் ஏறக்குறைய அதுதான். சுத்தியல் கொஞ்சம் பிசகினால் போச்சு. இத்தனை வருஷமாக நான் பொறுக்கியதெல்லாம் துண்டும் துணுக்கும்தான். போன மழைக்காலத்தில்தான் முனை உடையாத ஒன்று கிடைத்தது. சுண்டுவிரல் அளவு, இளம்பச்சை, மேலே கொஞ்சம் துரு.

மறுவாரம் போனால் குன்றைச் சுற்றி வேலி. லித்தியம் தோண்ட யாரோ வளைத்துவிட்டார்களாம்.

"உள்ள போக முடியாது அண்ணே. இனிமே வந்து அலையாதீங்கலா" என்றான் காவலாளி.

வீட்டில் சொல்லவில்லை. ஞாயிறானால் முட்டி வலி என்று படுத்துக்கொண்டேன். "நல்லதாப் போச்சு" என்பாள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் வேலை முடிந்து வந்தேன். குத்துவிளக்குகளோடு என் பச்சைக்கல்லும் புளித்தண்ணீர்ச் சட்டியில் கிடந்தது. மனைவி அதை ஊறவைத்து, கம்பிநாரால் தேய்த்தும் இருந்தாள். பளபளப்பெல்லாம் செத்து, சப்பித் துப்பிய கற்கண்டு மாதிரி இருந்தது.

"வெள்ளைக்கல்ல ஆசிட்ல போட்டுத்தானே துரு எடுப்பீங்க. ஆசிட் பொல்லாதது, இதுக்குப் புளி போதும்னு நெனச்சேன்" என்றாள்.

அந்த வெள்ளைக்கல் குவார்ட்ஸ். ஆசிட்டுக்கு அசையாது. இதற்குப் புளியே எமன். கோபம் கிளம்பியது. வாய்க்கு வருவதற்குள் அதுவும் களைத்துவிட்டது.

"போனாப் போவுது, விடு" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

ஞாயிறு காலை மோட்டர் சாவி அவள் கையில் இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியே முதுகு ஒடிந்தவள், குன்றுப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவள்.

"பின்னால உக்காருங்க. எங்கன்னு மட்டும் காட்டுங்க, நான் ஏறித் தேடுறேன். இன்னொன்னு கெடைக்காமலா போயிரும்?"

வேலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் காலில் என் ரப்பர் பூட்ஸ். பெரிதாக இருந்ததால் முன்பக்கம் பழந்துணி அடைத்திருந்தாள்.

வேலி இருந்தால் இருக்கட்டும் என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.